பெரிய குக்ரி ஒன்று வாங்க வேண்டும்: எதை எடுப்பது?

நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரியைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஓர் ஆசை வந்துவிடும். அலமாரியில் கூர்க்கா படைக்குக் கொடுக்கிற மாதிரி ஒன்று இருக்கும், மலைக்கிராமத்து வீட்டுக் கத்தி ஒன்று இருக்கும், வெள்ளி வேலைப்பாட்டு உறையோடு சின்னதாக ஒன்று இருக்கும். எல்லாம் இருந்தும், கையில் எடுத்தவுடன் தோள் வரைக்கும் கனம் ஏறுகிற பெரியது ஒன்று இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். எனக்கு அந்த ஆசை வந்து, பணமும் சேர்ந்துவிட்டது. அடுத்து வாங்குவது பெரியதுதான் என்பதில் சந்தேகமே இல்லை. எந்தப் பெரியது என்பதில்தான் இத்தனை யோசனை.

பெரியது என்றால் எவ்வளவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கூர்க்கா வீரர்கள் இன்று இடுப்பில் கட்டுகிற குக்ரியின் அலகு சுமார் 10 முதல் 11 அங்குலம். பிடியோடு சேர்த்து 15, 16 அங்குலம் வரும். உறை இல்லாமல் நிறுத்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நேபாள மலைகளில் விறகு பிளக்க, புதர் வெட்ட, கறி நறுக்க வீட்டுக்கு வீடு இருப்பதும் ஏறக்குறைய இந்த அளவுதான். நான் தேடுவது, அலகு மட்டுமே 15 அங்குலத்தை நெருங்குகிற, முழு நீளம் 20 அங்குலத்தைத் தாண்டுகிற கத்தி.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 10 அங்குல அலகை எல்லாப் பக்கமும் ஒன்றரை மடங்கு ஆக்கினால் நீளம் 15 அங்குலம் ஆகும். அகலமும் தடிமனும் அதே ஒன்றரை மடங்கு. ஆனால் எடை மூன்று மடங்கையும் தாண்டிப் போய்விடும். ஒன்றரையை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 3.375 வரும். அரைக் கிலோவாக இருந்தது 1.7 கிலோ ஆகிவிடும். ஒரு கையால் ஓங்கி, குறி தவறாமல் இறக்கி, நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடிய எடை அல்ல அது. அதனால் பெரிய குக்ரி அடிக்க உட்காருகிற கொல்லர், சின்னதை அப்படியே பெருக்க முடியாது. எங்கே இரும்பை எடுப்பது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். தட்டையாக்கலாம், பக்கங்களைக் குடையலாம், அகலத்தை ஒடுக்கலாம், கனத்தை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டு மற்ற இடத்தை மெலிய விடலாம். பெரிய கத்தியை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: கொல்லர் எங்கிருந்து, எவ்வளவு இரும்பை எடுத்திருக்கிறார்?

இந்த அளவுகோலை வைத்தாலே ஒரு வகை ஒப்பீட்டுக்குள் வராமல் போய்விடுகிறது. காத்மாண்டு தமேல் பகுதிக் கடைகளில் வாசலிலேயே மாட்டியிருக்கும் ராட்சத குக்ரிகளைச் சொல்கிறேன். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், பித்தளை முத்திரை பதித்திருக்கும், உறையில் சிவப்பு வெல்வெட் ஒட்டியிருக்கும். முதுகு பிடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமன். பிடிக்குள் போகிற கம்பி குட்டையாக இருக்கும், ஒரு முறை ஓங்கி வெட்டினால் ஆடும். சுவரில் மாட்டும் அலங்காரம் என்று தெரிந்தே வாங்குகிறவர்கள் வாங்கட்டும். அலகின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், அரம் பட்டாலே சீவிக்கொண்டு வருகிறது என்றால் அதற்குத் தோய்ச்சலே (காய்ச்சிய இரும்பைத் தண்ணீரால் ஆற்றிக் கடினமாக்குவது) போடவில்லை என்று அர்த்தம். வாயின் நடுப்பகுதியில் அரம் வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். கடைக்காரர் அரம் வைக்க விடமாட்டேன் என்றால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

மிச்சம் இருப்பவை நான்கு. தசைன் பண்டிகையில் எருமை வெட்டுகிற பெரிய குக்ரி, கோரா, நேபாளப் படையின் பழைய நீள குக்ரி, பக்கங்கள் குடைந்த பெரிய ஆங்கோலா குக்ரி. நான்குமே அசல் நேபாளப் பொருட்கள். நான்குமே என் தூக்கத்தைக் கெடுத்தவை.

தசைன் குக்ரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதலில் என் மனம் போனது அதன்மேல்தான். துர்கைக்கு எடுக்கும் அந்தப் பண்டிகையின் ஒன்பதாம் நாள் படைப்பிரிவுகளில் ஆயுத பூஜை நடக்கும், பலி நடக்கும். எருமையைப் பலிக்கம்பத்தில் கட்டுவார்கள். ஒரே வெட்டில் தலை விழ வேண்டும். விழுந்தால் அந்தப் படைப்பிரிவுக்கு அந்த வருஷம் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. வெட்டியவர் தலையில் வெள்ளைத் தலைப்பாகை கட்டி மரியாதை செய்வது கூர்க்கா பிரிவுகளின் பழைய வழக்கம். இன்று பலி குறித்து நேபாளத்துக்கு உள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, பல இடங்களில் பூசணிக்காயும் தேங்காயும் வெட்டுகிறார்கள். அந்த விவாதத்தில் யார் பக்கம் நின்றாலும், கத்தியை உருவாக்கிய காரணம் அந்த ஒரே வெட்டு என்பது மாறாது.

அந்தக் காரணம் கத்தியின் ஒவ்வொரு அங்குலத்திலும் தெரியும். இரண்டு கையும் பிடிக்கிற அளவுக்கு நீளமான பிடி. அலகு அகலமாக, முதுகு தடிமனாக, வளைவுக்கு முன்னே வயிறு பெருத்து இருக்கும். இங்கே கொல்லர் இரும்பை எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஓங்குவது ஒரு முறை, இறக்குவது ஒரு முறை, இரண்டு கை, நேர் கீழே. கை சோர்ந்துபோகும் என்ற கேள்வியே எழாத வேலை. மேலே சொன்ன 3.375 மடங்கு எடையை அப்படியே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே வகை இதுதான். பார்த்தால் மிரட்டும். இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கும்போது கனம் முழுக்க முன்னே போய், கத்தியே கீழே இறங்கத் துடிப்பது தெரியும். அந்த உணர்வுக்காகவே இதை வாங்கலாம் என்று தோன்றும்.

நான் ஏன் தயங்குகிறேன் என்றால், வாங்கிவந்த பிறகு இதோடு எனக்கு என்ன உறவு இருக்கும்? என் சேகரிப்பில் உள்ள ஒவ்வொரு கத்தியையும் நான் பயன்படுத்துகிறேன். தென்னை மட்டை சீவுவேன், வேலிக்கு மூங்கில் பிளப்பேன், பழைய பலாக்கிளையைத் துண்டு போடுவேன். தசைன் குக்ரி வருஷத்துக்கு ஒரு நாள் எழுந்திருக்கும் கத்தி. அந்த நாளும் சடங்கும் என்னுடையவை அல்ல. காட்சிக்கு வைப்பதற்காகச் சேகரிக்கிறவருக்கு, அதுவும் நேபாளச் சடங்குப் பொருட்களைச் சேகரிக்கிறவருக்கு, இதைவிட நல்ல தேர்வு கிடையாது. எனக்கு இது மூன்றாவது இடம்.

கோராவைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உண்மையில் அது கத்தி இல்லை, வாள். குக்ரியின் புகழில் மறைந்துபோன வாள். 1814 முதல் 1816 வரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நடந்த போரில் நேபாள வீரர்கள் குக்ரியோடு கோராவும் ஏந்தியிருந்தார்கள். அப்புறம் அது போர்க்களத்திலிருந்து பலிபீடத்துக்கு நகர்ந்து, இப்போது பெரும்பாலும் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும்தான் இருக்கிறது.

வடிவம் வேறு எதிலும் காணாதது. பிடிக்குப் பக்கத்தில் அலகு ஒடுங்கி, ஏறக்குறைய ஒரு அங்குல அகலத்துக்கு மெலிந்திருக்கும். அங்கிருந்து முன்பக்கமாக வளைந்து போய், நுனியில் சட்டென்று மூன்று நான்கு அங்குல அகலத்துக்கு விரிந்து, இரண்டு பிறைகளாக வெட்டிவிட்ட மாதிரி முடியும். கூர் இருப்பது வளைவின் உள்பக்கத்தில். நுனியின் அகன்ற பகுதியில் கண்ணோ தாமரையோ செதுக்கியிருப்பார்கள். பிடிக்கு மேலும் கீழும் வட்டத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே கை. கொல்லர் இரும்பை எடுத்த விதத்தைப் பாருங்கள்: அடியிலும் நடுவிலும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுத்து, எல்லாவற்றையும் கடைசி நாலு விரல்கடையில் குவித்துவிட்டார். அதனால் மொத்த எடை தசைன் குக்ரியைவிடக் குறைவாக இருந்தாலும், வீசும்போது நுனியின் வேகம் பயமுறுத்தும். இந்த யோசனைக்கு முன்னால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

உறையும் ஒரு தனி அழகு. நுனி விரிந்திருப்பதால் சாதாரண உறைக்குள் நுழையாது. ஒன்று, நுனி அகலத்துக்கே முழு உறையும் தைப்பார்கள். அல்லது அலகின் வடிவத்துக்கே தைத்து, முதுகுப் பக்கத்தைத் திறந்து விட்டுப் பொத்தான் வைப்பார்கள். பழைய கோராவை உறையோடு பார்த்தால், விலை கொஞ்சம் கூடினாலும் விடாதீர்கள். உறை இல்லாமல் தனி அலகாகக் கிடைப்பதுதான் அதிகம்.

கோராவுக்கு எதிராக எனக்குள் இருப்பது ஒரே வாதம். நான் தேடுவது குக்ரி. என் அலமாரியில் உள்ள கத்திகளுக்கு அண்ணனாக வந்து நிற்க வேண்டியது அதே வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், சின்னதிலிருந்து பெரியதற்குப் போகும்போது கொல்லர் என்ன செய்தார் என்று கண்ணால் படிக்க முடிய வேண்டும். கோரா தனியாக நிற்கும், கம்பீரமாகத்தான் நிற்கும், ஆனால் அந்தப் பாடத்தைச் சொல்லித் தராது. அதனால் இரண்டாவது இடம். அதை வாங்காமல் விடப் போவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பழசு வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருபது வருஷங்களுக்கு முன்னால் திறந்தது. காத்மாண்டில் லகன் சிலேகானா என்ற பழைய மாளிகை நேபாளப் படையின் ஆயுதக் கிடங்காக இருந்தது. துப்பாக்கிகள், பித்தளைப் பீரங்கிகள், குக்ரிகள் எல்லாம் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தூசியும் கிரீசும் அப்பிக் கிடந்தன. 2003-ல் இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டிக்ஸ், அட்லாண்டா கட்லரி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து அந்தச் சரக்கை வாங்கின. அதிலிருந்துதான் 19-ஆம் நூற்றாண்டின் நீள குக்ரிகள் உலகச் சந்தைக்கு வந்தன. சேகரிப்பாளர்கள் லாங்லீஃப் என்று சொல்வது இதைத்தான்.

இதில் இரும்பை எடுத்த விதம் எளிமையானது. நீளத்தைக் கூட்டி, அகலத்தையும் தடிமனையும் ஒடுக்கிவிட்டார்கள். முழு நீளம் 17, 18 அங்குலம் வரும், எடை ஒரு கிலோவைத் தொடாது. கையில் எடுத்தால் கத்தி பெரியது என்றே தோன்றாது, அவ்வளவு துடிப்பு. வெட்டுவதைவிட வீசுவதற்கென்று செய்தது, அதாவது போருக்கு. அலகில் தேவநாகரி எழுத்துகள் பொறித்திருக்கும், எந்தப் பிரிவுக்கு உரியது என்பதற்கான அடையாளங்கள் அவை. அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினால் கிடைக்கிற சிலிர்ப்பைப் புதுக் கத்தி எதுவும் தராது. பிடி மரத்தில் வெடிப்பு இருக்கும், வாயில் சின்னச் சின்ன உடைசல் இருக்கும். அவற்றைச் சரிசெய்யக் கூடாது. கிரீசை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்துகள்தான் முதலில் போகும்.

அந்த விற்பனைக்கு வெளியே, நேபாளத்துக்கு நேரில் போய்ப் பழையது வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1956-ல் வந்த நேபாளத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை அந்நாட்டுத் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. கடைக்காரர் ‘இது 150 வருஷப் பழசு, பையில் போட்டுக்கொண்டு போங்கள்’ என்றால், இரண்டு பாதியும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. நல்ல பழைய குக்ரிகள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, காத்மாண்டு சௌனியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய் வருவது கடைவீதியில் ஒரு வாரம் அலைவதைவிட மேல். 1559-ல் கோர்க்காவைப் பிடித்த திரவ்ய ஷாவுடையது என்று சொல்லப்படும் குக்ரி அங்கேதான் இருக்கிறது.

லாங்லீஃப் எனக்கு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அது நான் வரையறுத்த அளவை எட்டவில்லை, அப்புறம் அதை வைத்து மட்டை சீவுவது பாவம். நூறு வருஷம் தாண்டி வந்த கத்தியை நான் வேலைக்கு இழுக்க மாட்டேன்.

ஆக, ஆங்கோலா. அலகின் இரண்டு பக்கமும், முதுகுக்குக் கீழே, வளைவை ஒட்டி ஒரு பள்ளம் ஓடும். அரைத்து எடுத்ததாகத் தோன்றினாலும் நல்ல கொல்லரிடம் அது பெரும்பாலும் சுத்தியலால் ஒதுக்கியதுதான். அந்தப் பள்ளத்தால் முதுகு தடிமனாகவே இருக்கிறது, வாய்ப்பக்கமும் வலுவாகவே இருக்கிறது, நடுவில்தான் இரும்பு குறைகிறது. வெட்டும்போது மரத்தில் சிக்கிக்கொள்வதும் குறையும். பள்ளத்தை இரண்டு மூன்று வாய்க்கால் போலப் பிரித்து அடிப்பதும் உண்டு, அதற்குச் சிர்ரா என்று பெயர். மூன்று சிர்ரா ஓடுகிற பெரிய அலகு வெளிச்சத்தில் திரும்பும்போது கண் எடுக்க முடியாது. ஆனால் வேலைக்கு ஒற்றைப் பள்ளம்தான் உறுதி என்பது என் கணிப்பு. சிர்ராவில் வரம்புகளுக்கு நடுவே கொல்லர் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் அலகு அங்கே மெலிந்துவிடும்.

15 அங்குல அலகில் இந்தப் பள்ளத்தின் வேலை முழுசாகத் தெரியும். அப்படியே பெருக்கினால் 1.7 கிலோ வந்திருக்க வேண்டியது, நன்றாகச் செய்த ஆங்கோலாவில் ஒரு கிலோவைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. ஒரு கையால் ஓங்கலாம். தோள் உணரும், ஆனால் தோற்காது. சின்ன ஆங்கோலாவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சின்னதில் அழகுக்கு இருப்பதுபோலத் தோன்றிய பள்ளம் பெரியதில் ஏன் இருந்தே ஆக வேண்டும் என்று புரிந்துவிடும். சேகரிப்பில் பெரியது ஒன்று சேர்ப்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதை அடிக்கிறவர்கள் காமி சமூகத்துக் கொல்லர்கள், விஸ்வகர்மா என்றும் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். கிழக்கே போஜ்பூரும் தரானும் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். இரும்பு பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. திருப்பாச்சேத்தி அரிவாள் அடிக்கும் பட்டறைகளிலும் அதே பட்டையைப் பார்த்திருப்பீர்கள். தொழில்முறைப் பட்டியலில் 5160 என்று எண் போடுகிற வகை எஃகு, அடியைத் தாங்கும், சட்டென்று உடையாது. சின்ன அலகை ஒருவரே அடித்துவிடலாம். 15 அங்குலத்துக்கு ஒருவர் கிடுக்கியில் பிடிக்க, இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போட வேண்டும்.

தோய்ச்சல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நேபாளக் கொல்லர்கள் அலகை முழுசாகத் தண்ணீரில் முக்குவதில்லை. பழுக்கக் காய்ச்சிய அலகை வாய் மேலே தெரியும்படி பிடித்து, கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீரை வாயின்மேல் மட்டும் ஊற்றிக்கொண்டு போவார்கள். வெட்டு விழுகிற வயிற்றுப் பகுதி அதிகக் கடினமாகும், பிடிப்பக்கமும் நுனிப்பக்கமும் அதைவிடக் குறைவு, முதுகு மிருதுவாகவே நிற்கும். பெரிய அலகில் இது கஷ்டம். 15 அங்குலத்தைச் சீராகக் காய்ச்சுவதே பாடு, தாரை போகும் நேரத்துக்குள் ஒரு முனை ஆறிவிடும். அதனால்தான் பெரிய குக்ரியை எங்கே வேண்டுமானாலும் வாங்கிவிடக் கூடாது என்கிறேன். பெரிய அலகுகளைத் தொடர்ந்து அடிக்கும் பட்டறையா என்று கேட்டுத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

பிடி விஷயத்தில் இரண்டு வழி. அலகிலிருந்து ஒரு கம்பி போல் ஒடுங்கிப் பிடிக்குள் போய், அரக்கில் பதிவது பழைய முறை. அலகின் இரும்பே பிடியின் முழு அகலத்துக்கும் ஓடி, இரண்டு பக்கமும் மரமோ கொம்போ வைத்து ஆணி அடிப்பது பனாவல். சின்னதில் எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும், கைக்கு அதிர்வு குறைவு. பெரியதில் பனாவல்தான். அவ்வளவு நீண்ட அலகு முன்னே இழுக்கும்போது, பின்னே கொஞ்சம் இரும்பு இருந்தால் சமன் கிடைக்கிறது, அரக்கு விட்டுப்போகும் பயமும் இல்லை. எருமைக்கொம்புப் பிடி பார்க்க அழகு, ஆனால் வெயிலிலும் ஏசி அறையிலும் மாறி மாறி இருந்தால் சுருங்கி வெடிக்கும். நான் சிசம் மரத்தைத்தான் கேட்கப் போகிறேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் 2016-ஆம் வருஷத்து விதிகளும் பொருந்தும். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்து, வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கென்றே செய்ததாக இல்லாவிட்டால், ஐந்தாம் வகை ஆயுதத்தில் வரும். மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில் அதை வைத்திருக்க உரிமம் தேவை. உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நேபாளத்திலிருந்து பார்சலில் வரவழைப்பதாக இருந்தால் சுங்கத் துறையிடமும் முன்பே கேளுங்கள். உள்நாட்டிலேயே வாங்க வேண்டுமானால் டேராடூனில் குக்ரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு வேறு விதி: வளைந்த அலகு 50 சென்டிமீட்டரைத் தொட்டால் 2008 முதல் தடை, 1954-க்கு முன் செய்ததற்கும் பாரம்பரிய முறையில் கையால் அடித்ததற்கும் விலக்கு உண்டு. 15 அங்குல ஆங்கோலா 38 சென்டிமீட்டர்தான், அந்தத் தடைக்குள் வராது. கோரா வாங்குகிறவர்கள்தான் அளந்து பார்க்க வேண்டும். எந்த நாடானாலும் இதை எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கிற பேச்சே வேண்டாம்.

வாங்கி வந்த அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியது, உறையிலிருந்து உருவும் முறை. நான்கு விரலால் உறையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உருவக் கூடாது. அலகு வளைவாக இருப்பதால் வாய் உறையின் தையலை அழுத்திக்கொண்டுதான் வெளியே வரும். பெரிய அலகில் அந்த அழுத்தமும் அதிகம், தையலை அறுத்துக்கொண்டு விரலுக்கு வந்துவிடும். உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் உள்ளங்கையில் தாங்கி, விரல்கள் வாய்ப்பக்கம் போகாமல் பிடித்து, அலகின் முதுகு உறையின் முதுகை உரசிக்கொண்டே வரும்படி உருவ வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் ‘கொடுங்க பாக்கலாம்’ என்று கை நீட்டுவார்கள். உருவி, பிடிப்பக்கத்தை நீட்டிக் கொடுங்கள். உறையோடு கொடுக்காதீர்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அலகை அதற்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவி வெளியே வைப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்குப் பிடித்துவிடும்.

ஆர்டர் எழுதி வைத்துவிட்டேன். ஒற்றைப் பள்ளம் ஓடும் ஆங்கோலா, அலகு 15 அங்குலம், பனாவல் பிடி, சிசம் மரம், எருமைத்தோல் உறை, உறையில் கூடவே வரும் கர்தாவும் (சின்னக் கத்தி) சக்மக்கும் (கூர் தீட்டும் மழுங்கிய துணைக் கத்தி) அதே அளவுக்குப் பொருத்தமாகக் கொஞ்சம் பெரியதாக. பளபளப்பு ஏற்ற வேண்டாம், பள்ளத்தில் சுத்தியல் தடம் தெரியட்டும் என்று கேட்டிருக்கிறேன். எடை 1,200 கிராமுக்கு மேல் போனால் அனுப்ப வேண்டாம், பள்ளத்தை இன்னும் கொஞ்சம் இறக்கித் தரச் சொல்லி முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். உங்களில் யாராவது இதே அளவுக்குக் கொடுப்பதாக இருந்தால், நீளத்தை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எடையையும் எழுதுங்கள். நீளம் எல்லோரும் கேட்பது, எடையைக் கேட்டால்தான் கொல்லர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.